ரைன் நதிக் கப்பலில் ஏற்றிய இரண்டு கேன் தண்ணீர்

என் மாமனார் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணியில் தண்டல், அதாவது கேப்டன். அவர் மகள், என் மனைவி, அலைச் சத்தத்திலேயே வளர்ந்தும் முப்பத்திரண்டு வயது வரை எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. தோணியில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சிறுமியாக இருந்தபோது, ஒரே ஒரு தடவை சுக்கானைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டாளாம்.

"ஏளா, நீ பிடிச்சா தோணி கொழும்புக்குப் போவாது, அடுப்படிக்குத்தான் போவும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்ததற்கு மறு ஆண்டு, ஜெர்மனியில் மருத்துவராக இருந்த என் தம்பி எங்கள் இருவரையும் அழைத்தான். கொலோனிலிருந்து ரைன் நதியில் நான்கு நாள் பயணம், சிறிய கப்பல். கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலைத் தபாலில் என்று என் நாட்குறிப்பு சொல்கிறது. படித்துக் காட்டியதும் அவள் கேட்டாள்: "அங்கன பொம்பளைய ஏத்துவாங்களா?"

"ஒனக்கும் சேத்துத்தான் சீட்டு எடுத்திருக்கான்."

"அப்ப சுக்கானத் தொட விடுவாங்களா?"

"அத நீதான் கேக்கணும்."

"கேக்கத்தான் போறேன்."

மாமனாருக்கு அது பயணமாகவே படவில்லை. "ஆத்துல போறதெல்லாம் ஒரு கப்பலா, மாப்ளே?" என்றார்.

கொலோனில் புறப்படும் காலை, தம்பி மருத்துவமனைக்குப் போயிருந்தான். நாங்கள் அவன் வீட்டுக் குழாயில் ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டோம். அவள் வீட்டில் பயணம் என்றால் முதலில் ஏறுவது தண்ணீர்ப் பீப்பாய். நானோ கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. புறப்படும் கப்பலில் குடிநீர் ஏற்றியாயிற்றா என்று விசாரிப்பதே என் வேலையில் பாதி. இருவருக்குமே சந்தேகம் வரவில்லை. கேன்களைத் துணிப்பையில் மறைத்துத் தூக்கிக்கொண்டு, காலை ஒன்பது இருபதுக்கு ஏறினோம். பலகையில் கால் வைத்ததும் அவள் என் கையை நசுக்கிய நசுக்கில் விரல் வலித்தது.

இரண்டாம் நாள் காலை, அறையைச் சுத்தம் செய்த பெண் கேன்களைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். கேப்டனே எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். நரைத்த மீசை, நல்ல உயரம். கேன்களில் இருப்பது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"குடிதண்ணீர்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஆறு, உப்பில்லாத தண்ணீர்.

"கப்பல் ஆபீஸ்ல வேல பாக்குதீய! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று என் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

"நீ தண்டல் மவ. நீ சொல்லிருக்கணும்."

அடக்க முடியாமல் இருவரும் சிரித்தோம். கேப்டனிடம் அவள் அப்பாவைப் பற்றியும் பீப்பாயைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாய்மரக் கப்பலா? இன்னும் ஓடுகிறதா?" என்று இரண்டு முறை கேட்டார், பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஆங்கிலம் தெரியாது. இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள்.

"இங்கே பாறைகள். நாளை, மைன்ஸ் நகரம் தாண்டியதும்" என்றார் அவர்.

மறுநாள் காலை பதினொன்று பத்துக்கு சுக்கான் அறைக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். தோணியில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கேப்டன் தூரத்துக் கோபுரம் ஒன்றைக் காட்டி, அதற்கு நேராகப் போகச் சொல்லிச் சைகை செய்துவிட்டுக் கையை எடுத்தார். ஆனால் ஒரு சாண் தூரத்திலேயே வைத்திருந்தார்.

கப்பல் இடப்பக்கம் நழுவியது. அவள் திருப்பினாள், அதிகமாக. கோபுரம் இடப்பக்கம் ஓடிவிட்டது. கேப்டனின் விரல்கள் அசைந்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாக மறுபக்கம் திருப்பினாள். கோபுரம் தயங்கித் தயங்கி நேரே வந்து நின்றது. கேப்டன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து எனக்கே புரியாதபடி கிறுக்கலாக இருக்கிறது.

ஊர் திரும்பிய அன்றே மாமனாரைப் பார்க்கப் போனோம்.

"எவ்ளோ நேரம் பிடிச்ச?" என்றார்.

"பதினோரு நிமிசம்ப்பா."

"ஆறுதானளா." காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "நீரோட்டம் எதுக்கவா, கூடவா?"

"எதுக்க."

"சுக்கான் ஒடனே கேட்டுச்சா?"

"இல்லப்பா. அதனால கூடத் திருப்பிட்டேன். பொறவு கொஞ்சங் கொஞ்சமா இங்கன கொண்டாந்தேன்."

"மொதத் தடவ பிடிக்கவன் அம்புட்டுப் பேரும் அதத்தான் செய்வான்" என்றார். சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆழம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனார். அவளும் சளைக்கவில்லை. காப்பி ஆறிப்போனது. ஒரு கட்டத்தில்தான் நான் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

"நீங்க பிடிச்சியளா, மாப்ளே?"

"இல்ல மாமா. நான் நேரம் பாத்துக்கிட்டு நின்னேன்."

அப்பாவும் மகளும் ஒன்றாகச் சிரித்தார்கள்.