லோகப்பிரியா தேய்த்த கல்

லோகப்பிரியா எட்டு வருடம் ஒரு ஃபவுண்டரியின் லேபில் வேலை பார்த்தாள். வார்த்து வரும் இரும்பில் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, முரட்டு எமரித் தாளில் தொடங்கி நைஸ் தாள் வரைக்கும் தேய்த்து, கடைசியில் வெல்வெட் துணியில் கண்ணாடி மாதிரி ஆக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் வேலை. ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் இரும்பின் உள்ளமைப்பு சரியாகத் தெரியாது. அவள் தேய்த்த துண்டில் கீறல் இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஊர் காங்கேயம் பக்கம். அப்பாவுக்குத் தேங்காய்க் களம். இருபத்தேழு வயதில் பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கல்யாணமாகி வந்தாள். கணவன் சுரேந்தர் நான்கு லேத் போட்டு பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறவன். குழந்தைக்காக ஐந்து வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். கடைசியில் கரு நின்றது. ஏழாம் மாதம் லேபிலிருந்து விலகிக்கொண்டாள்.

டாக்டர் சொன்ன தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது வயிற்றில் அசைவு நின்றுபோனது. காலையில் அது நின்றதா, முந்தின ராத்திரியே நின்றுவிட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். அவள் தெளிந்து கண் விழித்தபோது சாயங்காலம். பெண் குழந்தை என்று சொன்னார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது வாங்கி வைத்திருந்த துணிமணி, தொட்டில் எதுவும் இல்லை. மாமியார் முத்தாத்தாள் எல்லாவற்றையும் எங்கேயோ கொடுத்துவிட்டிருந்தார். நல்லதுக்குத்தான் செய்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லோகப்பிரியா வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், ஃபோன் வந்தால் எடுத்துப் பேசினாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவள் தேறிவிட்டாள் என்றார்கள். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் மத்தியானம் சன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டு மாடியில் கொடியில் காய்ந்த ஒரு சேலையையே நாலு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரம்மா வந்து சேலையை எடுத்துக்கொண்டு போனதும் எழுந்தாள்.

சித்திரை மாதம் ஷேக் பரீத் வந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் கிரானைட் கடை வைத்திருப்பவர். தன் பாலிஷ் மிஷினுக்கு ஒரு ஷாஃப்ட் கடைந்து வாங்கப் பட்டறைக்கு வந்தவரிடம், சுரேந்தர் பேச்சுவாக்கில் தன் மனைவி லேபில் இரும்பு தேய்த்ததைச் சொல்லியிருக்கிறான். அவர் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மணி, ஞாயித்துக்கெழமையானா நாங்க ஒரு பத்துப் பதினொரு பேரு என்ர கொடோன்ல கூடறமுங்க. கோடு, வளையம், புள்ளி இப்படி டிசைன் உள்ள கல்லுங்களா வெட்டித் தேய்க்கறது. யாவாரமெல்லாம் இல்லீங்க, சும்மா ஒரு ஆசைக்கு. ஆவணில எங்களுக்குள்ளயே ஒரு போட்டி வெக்கறோம். நீங்களும் வாங்களேன்."

வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால், "சரிங்கண்ணா" என்றாள்.

கொடோனில் கூடியவர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார், ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். டெய்சி டீச்சர் என்று ஒரு அம்மா இருந்தார். கோயமுத்தூரில் சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து வருவார். லோகப்பிரியா முதல் நாளே எல்லாரையும் ஆச்சரியப்படுத்தினாள். வெட்டிய கல்லை அரக்கு உருக்கி ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, சுற்றும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட உருட்டித் தேய்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கல்லில் தட்டைத் தட்டையாக முகம் விழவைத்துவிடுவார்கள். அவள் கையில் முட்டை முதுகு மாதிரி வழவழவென்று வந்தது. பாராட்டினார்கள். "சரிங்க" என்றாள்.

போட்டிக்குப் பரீத் ஒரு பெரிய ஜாஸ்பர் கல்லை ரொட்டி அறுக்கிற மாதிரி பன்னிரண்டு துண்டாக அறுத்து வைத்திருந்தார். செங்காவி நிறம். குறுக்கே வெள்ளையும் கறுப்புமாக வரிகள், நடுவில் ஒரு பெரிய வளையம். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு துண்டு. அதில் எந்த இடத்தை வெட்டி எடுப்பது என்பது அவரவர் விருப்பம். மூன்று மாத அவகாசம். ஜெயித்தவருக்கு ஒரு டின் தேங்காய் எண்ணெய்.

எல்லாரும் வளையத்தைத்தான் எடுத்தார்கள். அவளும் வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். ஒரு ஞாயிறு பாதித் தேய்ப்பில் டக்கென்று சத்தம் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருந்திருக்கிறது. வளையம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

"அய்யோ!" என்று டெய்சி டீச்சர் எழுந்தே விட்டார். பரீத் ஓடிவந்தார். "அடடா, பொளந்துபோட்டுதே! வேற துண்டு தாரனுங்க அம்மணி."

"பரவாயில்லீங்க" என்றாள் லோகப்பிரியா. சேற்றுத் தண்ணீரில் கையை விட்டுப் பாதியை எடுத்து ஓரமாக வைத்தாள். வருத்தம் வருமா என்று ஒரு நிமிடம் பார்த்தாள். வரவில்லை. வெட்டி ஒதுக்கிய மூலையில் வரிகள் மட்டும் உள்ள ஒரு சின்ன இடம் இருந்தது. அதை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

போட்டியன்று பன்னிரண்டு கற்களையும் கறுப்புத் துணியில் வரிசையாக வைத்தார்கள். யாருடையது எது என்று எழுதவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு டீ கிளாஸ், ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த கல்லின் கிளாஸில் போட வேண்டும். பல் டாக்டரின் கல் ஜெயித்தது. லோகப்பிரியாவின் கிளாஸில் மூன்று கொட்டைகள் கிடந்தன. பாலிஷ் அதில்தான் அதிகம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கல்தான் சின்னது.

எல்லாருக்கும் மிக்சரும் டீயும் வந்தன. டெய்சி டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான்கு மாதமாகப் பழகியும் கேட்காத கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார். "உனக்கு எத்தன கொழந்தைங்க கண்ணு?"

இல்லை என்றுதான் அவள் எப்போதும் சொல்வது. அன்றைக்கு, "ஒண்ணுங்க" என்றாள். "பொண்ணு. பொறக்கறப்பவே உசிரில்லீங்க."

டீச்சர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு சாயல்?" என்று கேட்டார்.

"தெரியலீங்க டீச்சர். நான் பாக்கல. யாரும் காட்டலீங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் சுரேந்தர் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கூட்டிப்போக வந்தவன். கையில் வண்டிச் சாவி. அவன் கேட்டுவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சுரேந்தர் எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, திரும்பவும் இல்லை. முன்னால் இருந்த கேட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"நெறைய முடி இருந்துச்சு லோகு. கறுகறுன்னு. எடது காதோட மேல்நுனி மடிஞ்சிருந்துச்சு. உங்கப்பாவுக்கு இருக்கே, அதே மாதிரி."

கேட்கிற மாதிரி அவள் பின்னாலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"நகமெல்லாம் நீளமா வளந்திருந்துச்சு. தூங்கற மாதிரிதான் இருந்தா. உங்கிட்டக் காட்ட வேண்டாம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சரின்னு உட்டுட்டேன். உட்டிருக்கக்கூடாது."

"எந்தக் கையில தூக்குனீங்க?"

அவன் யோசித்தான். "ரெண்டு கையிலயும்."

மேட்டுப்பாளையம் பாசஞ்சர் போனது. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் கிளம்பாமல் இருப்பதைப் பார்த்து, "போலாமுங்க, வழிய அடைச்சிட்டு நிக்கறோம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை அவள் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது எங்கே போகிறாள் என்று முத்தாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. "பொம்பளைங்க மயானத்துக்குப் போறதில்ல கண்ணு" என்றார். குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

"போயிட்டு வாரேனுங்க அத்தை" என்று செருப்பை மாட்டினாள்.

மயானத்தில் மழைக்குப் பார்த்தீனியம் இடுப்புயரம் வளர்ந்து கிடந்தது. குழந்தையைப் புதைத்த இடம் சுவரோரமாக மூன்றாவது கம்பத்துக்கு நேரே என்று சுரேந்தர் நினைவு வைத்திருந்தான். ஆனால் இடையில் சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள், கம்பங்களைக் காணவில்லை. ஒரு இடத்தில் நின்று செடிகளை மிதித்துப் பார்த்தான். பிறகு நாலு எட்டு தள்ளி இன்னொரு இடத்தில் நின்றான்.

"இங்கீங்களா, அங்கீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலயே லோகு." அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். ஒன்பது மாதமாக அழாதவன் வாய்விட்டு அழுதான். லோகப்பிரியா அவன் பக்கத்தில் நின்றாள். அவன் சட்டைக் காலரின் தையல் விட்டிருந்ததைக் கவனித்தாள். தனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவன் கைகளில் ஊற்றினாள். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டான். இரண்டு இடத்திலும் பூப் போட்டுவிட்டு வந்தார்கள்.

ஐப்பசியில் அவள் லேபுக்குத் திரும்பப் போனாள். அழுகை இன்னும் வரவில்லை. ஆனால் சுரேந்தருக்கு அவ்வப்போது ஏதாவது ஞாபகம் வருகிறது, வந்ததும் சொல்கிறான். முன்பானால் விழுங்கிவிடுவான். போன வாரம் பட்டறையிலிருந்து வந்தவன், கை கழுவுவதற்கு முன்னாலேயே, குழந்தையின் கால் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருந்தது என்றான். லோகப்பிரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நீளம்?" என்றாள். அவன் தன் சுண்டுவிரல் நகத்தில் அளவு காட்டினான்.