அம்மாவுக்காக நான் மட்டும் ஜெபிப்பதாக இருந்தேன்

ஜோய்ஸுக்குத் தெரியாமல் அம்மாவை ஜெபித்தே எழுப்பிவிட வேண்டும் என்ற யோசனை, அம்மாவின் கையில் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வந்தது.

டெங்கு என்று டொக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிளேட்லட் இறங்குகிறது, இனி வரும் நாட்கள்தான் ஆபத்தானவை என்றார். அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. போனை எடுத்தேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில், ‘அம்மாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியும் விட்டேன். அனுப்பப் போகும்போது, முதலில் என்ன பதில் வரும் என்று தெரிந்துவிட்டது. மேரி அக்கா கேட்பார்: ‘ஜோய்ஸ்கிட்ட சொல்லிட்டீங்களா?’

எழுதியதை அழித்தேன்.

சபைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். கட்டுகஸ்தோட்டையில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் கூடுகிற சின்னச் சபை எங்களுடையது. பள்ளிக்கூட வயதிலிருந்து அங்கே கீபோர்ட் வாசிப்பவள் நான். பேராதனையில் பட்டம் முடித்தேன், வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன், வேத விளக்கப் புத்தகங்களைத் தேடித் தேடி வாசிக்கிறேன். ஜோய்ஸ் என் வயதுக்காரி. தெல்தோட்டையிலிருந்து வேலைக்காகக் கண்டிக்கு வந்து, எனக்கு எத்தனையோ காலம் பின்னால் சபையில் சேர்ந்தவள். அவள் ஜெபித்தால் நடக்கும் என்று பெயர். யாருடைய மருமகளுக்கோ விசா வந்தது, ஜோய்ஸ் ஜெபித்தாள். யாருடைய பிள்ளைக்கோ வீசிங் நின்றது, ஜோய்ஸ் ஜெபித்தாள். ஆராதனை முடிந்ததும் அக்காமார் அவளைச் சுற்றி நிற்பார்கள். “தலையில கைய வச்சு ஜெபிம்மா” என்பார்கள். நான் பக்கத்திலேயே நின்று கீபோர்ட் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பேன். என் தலையைக்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் ஜெபித்தால் ஒழுங்காக ஜெபிப்பேன். துதி, அறிக்கை, விண்ணப்பம், எல்லாம் வரிசையாக இருக்கும். ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜோய்ஸ் அடுத்ததாக நான்கு வரி ஜெபித்தாள். அவரே எழுந்து “ஆமென்” என்று கத்தினார்.

அதனால்தான் அந்த யோசனை. உபவாசம் இருப்பேன். தனியாக ஜெபிப்பேன். அம்மா எழுந்து நடப்பார். பிறகு சபையில், சாட்சி நேரத்தில், நான் மைக்கைப் பிடித்து நின்று சொல்வேன், என் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார் என்று. அம்மா செத்துவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். இந்த ஆசை மறுபக்கம். இரண்டும் சேர்ந்து ஒரே மனதில் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று பொருத்தனை பண்ணினேன். கூட நிற்பவரின் வேலை சின்ன வேலை இல்லை. டெங்கு நோயாளி குடிப்பதை அளந்து கொடுக்க வேண்டும், வெளியேறுவதையும் அளந்து சொல்ல வேண்டும். கொசு கடிக்காமல் கட்டியிருந்த நுளம்பு வலைக்குள் குனிந்து குனிந்து அம்மாவுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பேன். என் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“நீ சாப்பிட்டியா புள்ள?”

“சாப்பிட்டேன்மா.”

அம்மா என் முகத்தையே பார்ப்பார். சிங்கள நர்ஸ் மிஸ் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “துவ, இங்க நோயாளி யாரு? அம்மாவா, நீங்களா?” துவ என்றால் மகள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

நான் ஜெபிக்க ஜெபிக்க அம்மாவுக்கு நோய் கூடிக்கொண்டே போனது. வயிற்றுவலி வந்தது. ஈறில் இரத்தம் கசிந்தது. பிளேட்லட் இன்னும் இறங்கியது. கர்த்தருக்குக் காது கேட்கவில்லையா என்று கோபம் வந்தது. அதைவிட மோசமான ஒரு எண்ணமும் வந்தது: ஜோய்ஸ் கேட்டிருந்தால் இதற்குள் கொடுத்திருப்பார்.

அடுத்த நாள் பகல், குவளையை அம்மாவின் வாய்க்குக் கொண்டுபோகும்போது கண் இருட்டியது. கட்டில் கம்பியைப் பிடித்தேன். பிடி நழுவியது. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். அம்மா என்னைப் பிடிக்க எழுந்திருக்கிறார். சேலைன் ஊசி கழன்று, படுக்கை விரிப்பெல்லாம் இரத்தம். இரத்தம் வரவே கூடாத நோயாளிக்கு. நர்ஸ் மிஸ் ஓடி வந்து அம்மாவின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். ஒரு வார்த்தைகூடத் தப்பாகத் திட்டவில்லை.

நோயாளர்களைப் பார்க்க விடும் நேரம் அது. இரத்தத்தை ஒருவழியாக நிறுத்தினார்கள். அப்போது வார்ட்டுக்குள் சோத்துப் பார்சலோடு ஒருத்தி வந்தாள். ஜோய்ஸ்.

“ஏன்டி பெனி, ஆளே பாதியாப் போயிட்ட? மொதல்ல தின்னு.”

“உனக்கு யார் சொன்னது?”

“அம்மாதான். வார்ட்டுக்கு வந்த அன்னிக்கி ராத்திரியே, நீ வெளிய போன நேரம் பாத்து கோல் எடுத்தாங்க. ‘எனக்கு ஒன்னும் இல்ல, பெனி சாப்பிடாம கெடக்கிறா, அவளுக்கு ஜெபி’ன்னாங்க. இன்னிக்கித்தான் லீவு கெடச்சிச்சு.”

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் நெருப்பாக எரிந்தது. என் சொந்த அம்மாவும் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்!

வெளியே வராந்தா வாங்கில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சாப்பிட்டேன். பருப்பும் போஞ்சியும் கருவாடும். சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் அவள் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டேன். குழுவில் போடாததை, தூங்கியவரை, மைக்கை. அவள் கோபிக்கவில்லை. சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“நடந்ததத்தான் எல்லாரும் பேசுறாங்க. எங்கப்பாவுக்காக நான் ஸ்கூல் போற காலத்துல இருந்து ஜெபிக்கிறேன் பெனி. இன்னமும் குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கெடக்கிறாரு. அத யாராச்சும் சாட்சி நேரத்துல கேட்டாங்களா? எனக்கு ஒன்னயப் பாத்தா எரியும், தெரியுமா? ஒங்கப்பா தெனமும் கோல் எடுத்து, ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேக்கிறாரு.”

என்னைப் பார்த்து எரிகிறவளும் இருக்கிறாளா!

அந்த நேரம் வார்ட்டுக்குள் சத்தம் கேட்டது. அம்மாவின் பிரஷர் விழுந்துவிட்டது. திரையை இழுத்து மூடினார்கள், டொக்டர்மார் ஓடினார்கள். எங்களை உள்ளே விடவில்லை. நான் ஜோய்ஸின் கையைப் பிடித்தேன். “ஜெபி, நீ ஜெபி” என்றேன்.

“இல்ல. ஒன் அம்மா. நீ ஜெபி, நான் ஆமென் சொல்றேன்.”

துதி வரவில்லை, வரிசை வரவில்லை. “ஆண்டவரே, எனக்கு அம்மா வேணும். யார் ஜெபத்தைக் கேட்டாவது தாரும்” என்றேன். அவ்வளவுதான். “ஆமென்” என்றாள் ஜோய்ஸ். திரை விலகும்வரை அந்த இரண்டு வரியைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னோம்.

திரை விலகியது. அம்மா கண் திறந்திருந்தார். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் பிளேட்லட் ஏறத் தொடங்கியிருந்தது. “இனிப் பயமில்லை” என்றார் டொக்டர். அந்த வாரம் முடிவதற்குள் அம்மாவை அம்பிட்டியவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மருந்தைக் கொடுத்த டொக்டர்மாருக்கும் நர்ஸ்மாருக்கும் நன்றி. ஜீவனைக் கொடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த ஞாயிறு நான் சாட்சி சொன்னேன். முடிந்ததும் மேரி அக்கா சத்தமாகச் சொன்னார்: “பாத்தீங்களா, ஜோய்ஸ் போன அன்னிக்கே சொகமாயிருச்சு!” நெஞ்சில் பழையபடி சுருக்கென்றது. பின்வரிசையிலிருந்து ஜோய்ஸ் கத்தினாள்: “ஐயோ அக்கா, நான் சோத்துப் பார்சல்தான் கொண்டு போனேன்! ஜெபிச்சது அவ!” சபையே சிரித்தது. நானும்.

பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அக்காமார் அவளைச் சுற்றி நிற்கும்போது இன்னும் எரிகிறது. ஆனால் அதை இப்போது அவளிடமே சொல்கிறேன், இருவரும் சேர்ந்து ஜெபிக்கிறோம். இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரிடம் ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று சொல்ல உங்கள் மனம் முரண்டு பிடிக்கிறதோ, இந்த வாரம் அவரிடமே போய்க் கேளுங்கள். கர்த்தர் அந்தப் பக்கத்திலும் இருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை நானும் ஜோய்ஸும் தெல்தோட்டைக்குப் போகிறோம், அவளுடைய அப்பாவைப் பார்க்க. போன முறை பாஸ்டர் போனபோது அவர் கதவையே திறக்கவில்லை. இந்த முறை யாராவது வந்தால் நாயை அவிழ்த்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

“நாய் கடிக்குமா?” என்று கேட்டேன்.

“நாய் பாவம்டி. அப்பாதான் கடிப்பாரு.”

ஜெபித்துக்கொள்ளுங்கள். கதவு திறக்காவிட்டால் கொண்டுபோகிற சாப்பாட்டை வாசலிலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அவருக்கும் ஒரு பார்சலை வைத்துவிட்டு வருவதாக இருக்கிறோம். அதற்கடுத்த சனிக்கிழமையும் தெல்தோட்டைக்கு பஸ் ஓடுகிறது.