மிளகாய் காய்ந்த மாடி

வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த அம்சவல்லி எந்த அதிகாரிக்கும் பயந்தவள் இல்லை. தண்ணீர் இல்லாத அடுப்பைப் பார்த்தால்தான் அவளுக்குப் பயம். 1991 ஜூனில் பள்ளி திறந்த வாரமே கிணறு வற்றியது. இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. எழுபது பிள்ளைகள் தட்டோடு வந்து பசியோடு திரும்பிப் போனார்கள்.

"இன்னொரு நாள் சமைக்கலேன்னா இந்த மையத்தையே மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார் பார்வையிட வந்த சத்துணவு அதிகாரி.

பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைய சோறே பள்ளியில் போடுவதுதான். மறுநாள் முதல் அம்சவல்லி வயல் பம்ப்செட்டிலிருந்து பதினைந்து குடம் சுமந்தாள். கரண்டு இருந்தால்தான் அதுவும்.

ஊரில் தளம் போட்ட மாடி பள்ளிக்கு மட்டும்தான். பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. குழாய் வரப்போகிறது என்று கட்டியது. குழாய்தான் வரவே இல்லை. அம்சவல்லி பழைய தகரத்தை வளைத்து மாடியிலிருந்து அந்தத் தொட்டிக்கு இறக்கினாள்.

சத்துணவு அமைப்பாளர் நரசிம்மனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாம்மா, ஆகாசத்துலேர்ந்தே குழாய் போட்டுட்டியா?"

"ஆமா சார். இதுக்குக் கரண்டு வேணாம்."

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. காலையில் தொட்டியைத் திறந்தால் தண்ணீர் சிவப்பாக இருந்தது. நெடி ஏறி மூன்று முறை தும்மினாள். மாடியில் சத்துணவு மிளகாய் காய்ந்துகொண்டிருந்ததை மறந்தே போயிருந்தாள். காயப்போட்டதும் அவளேதான்!

"சாம்பார் ரெடி, பருப்புதான் பாக்கி" என்றார் நரசிம்மன். ஊரே சிரித்தது. அவமானமாக இருந்தாலும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கை எரிய எரியத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். மாடியில் மிளகாய் என்ன, ஒரு விறகுத் துண்டுகூட வைக்க விடவில்லை. மழை தொடங்கினால் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடிவருவாள். முதல் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிவிட்டு, உள்ளங்கையில் பிடித்துப் பார்த்து, தெளிந்த பிறகே தகரத்தைத் தொட்டிக்குத் திருப்புவாள். நாலு மழையில் தொட்டி விளிம்பு வரை நிறைந்தது.

ஜூலை கடைசியில் ஒரு நாள் கரண்டு போய்விட்டது. பம்ப்செட் ஓடவில்லை. அன்றைக்குப் பார்த்து பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது.

"அடுப்பு எரியுதா?"

"வந்து பாருங்க சார்."

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்த அதிகாரி, "எந்தக் கிணத்துத் தண்ணி இது?" என்றார்.

அம்சவல்லி கரண்டியால் மேலே காட்டினாள்.

"நாங்க போட்ட குழாய் சார்" என்று முந்திக்கொண்டார் நரசிம்மன்.

"மிளகாத் தண்ணியும் நீங்க புடிச்சதுதானா சார்?" என்றாள் அவள். அவள் சொன்ன மிளகாய்க் கதையைக் கேட்ட அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மூடுகிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

அன்று எழுபது பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தட்டுகளைக் கழுவவும் தொட்டியில் தண்ணீர் இருந்தது.