திராட்சைத் தோட்டம் பார்க்கப் போனோம்

என் கணவருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஒயின் மீது ஆசை வந்தது. குடிக்கும் ஆசை என்று சொல்லிவிட முடியாது. அதுவரை அவர் குடித்ததிலேயே காரமான பானம் சுக்குக் காபிதான். அலுவலகத்துக்கு வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் வந்தபோது பெரிய ஓட்டலில் விருந்து கொடுத்தார்கள். அங்கே இவரைவிடப் பத்து வயது இளைய மேலாளர் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மழை பெய்த மண் வாசனை" என்றாராம். விருந்தாளி எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தாராம். என் கணவர் ஆரஞ்சு ஜூஸும் கையுமாகப் பக்கத்தில் நின்றிருந்திருக்கிறார்.

"மழை பெஞ்ச மண் வாசனை எனக்குத் தெரியாதா?" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். அவமானப்பட்டவரின் குரல் அது.

அடுத்த ஒரு மாதம் கைபேசியில் ஒயின் பற்றிய காணொளிகளாகப் பார்த்தார். நன்னாரி சர்பத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிச் சுழற்றிப் பழகினார். இரண்டு சட்டைகள் போயின. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் திராட்சை பயிரிட்டு அங்கேயே ஒயினும் தயாரிக்கிறார்கள், போகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி ருசி பார்க்கவும் கொடுக்கிறார்கள் என்று ஒருநாள் கண்டுபிடித்தார்.

"ஆறு மணி நேரத்துல போயிடலாம். ஒரு ராத்திரி தங்கல். நீயும் நானும் மட்டும்" என்றார்.

நான் உடனே சரி என்றேன். ஒயினுக்காக இல்லை. அந்த 'மட்டும்' என்ற வார்த்தைக்காக. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடங்கள். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனபோதுகூட அவருடைய அத்தையும் அத்திம்பேரும், "நாங்களும் அந்த ஊரைப் பார்த்ததில்லை" என்று கூடவே வந்தவர்கள்.

சிக்கல், போகும் இடத்துக்கு என்ன பெயர் சொல்வது என்பதில் வந்தது. நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் கம்பி போட்ட ஜன்னலும், அதற்குள் ஒரே நேரத்தில் நுழையும் பத்துக் கைகளும்தான் ஞாபகம் வரும். அந்தக் கடையில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும் என்பது வேறு விஷயம். அபிராமபுரத்தில் எங்களோடு இருக்கும் என் மாமியார், ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். எழுபத்தேழு வயது. அவரிடம் போய், "ஒயின் குடிக்கப் போகிறோம்" என்று எப்படிச் சொல்வது?

"திராட்சைத் தோட்டம்னு சொல்லிடுவோம். பொய் இல்லையே" என்றார் கணவர்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னோம். மாமியார் ரசத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"திராட்சை எங்கெங்க விளையறதுன்னு முப்பத்தஞ்சு வருஷம் கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு கொடியைக்கூடக் கண்ணால பாத்ததில்லை. நானும் வரேன்டா. ஆமா, இப்போ அது காய்க்கற காலமா?"

"அங்கெல்லாம் வருஷம் பூரா காய்க்கும்மா" என்றார் மகன். பேச்சை வேறு பக்கம் திருப்பும் அவசரத்தில், பூகோள டீச்சரிடம் அவர் சொன்ன பதில் அது.

மறுநாளே மாமியார் இந்தச் செய்தியை லிஃப்டில் வைத்துக் கீழ்வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டார். கீழ்வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கம். தி. நகரில் ஜவுளிக்கடை. அந்த வீட்டுக்காரரை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். அன்று சாயங்காலமே அவர் மனைவி ஒரு தட்டு அதிரசத்தோடு மாடியேறி வந்தார்.

"திராட்சத் தோட்டத்துக்குப் போறீகளாமே மாமி? எங்க வீட்டுல அவுகளுக்கு எப்பப் பாத்தாலும் கடைதான். தீவாளி யாவாரம் ஆரம்பிச்சுட்டா ஆளைப் பிடிக்கவே முடியாது. அதுக்கு முன்னால நாங்களும் வந்துருதோம்."

கையில் அதிரசத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஐந்து பேராகிவிட்டோம். எங்கள் சின்னக் காரில் இடம் போதாது. பெரிய வண்டி ஒன்றை டிரைவரோடு வாடகைக்குப் பேசினோம்.

கீழ்வீட்டு அம்மாள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். 'கிரேப்ஸ் டூர்' என்று பெயர். முகப்பில் திருப்பதிப் பெருமாள் படம். தேதி குறிக்க அந்தக் குழுவில் பதினொரு நாள் விவாதம் நடந்தது. இந்தச் சனிக்கிழமை அண்ணாச்சி கடையில் சரக்கு வந்து இறங்குகிறது, அடுத்த வாரம் மாமியாருக்கு ஏகாதசி, அதற்கடுத்த வாரம் நான் வேலை பார்க்கும் அடையாறு பள்ளியில் பரீட்சை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை என்று அண்ணாச்சி கண்டுபிடித்தார். ஐந்து பேருக்கும் தோதான ஒரே நாள். ஐந்து கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. எதற்கு விடுமுறை என்று ஒருவரும் கேட்கவில்லை. லீவு விட்டால் ஏன் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

பிறகு கோயில்கள் சேர ஆரம்பித்தன. அவ்வளவு தூரம் போய்விட்டு நந்தி கிராமத்துப் பழைய சிவன் கோயிலைப் பார்க்காமல் வரலாமா என்றார் மாமியார். முருகன் கோயில் ஒன்றும் பக்கத்தில்தான் இருக்கிறது என்றார் கீழ்வீட்டு அம்மாள். என் கணவர் போட்டுவைத்திருந்த பயணத் திட்டத்தில் மூன்று மணி நேரமாக இருந்த ஒயின் ருசி, ஒவ்வொரு கோயிலுக்கும் முக்கால் மணியாக விட்டுக்கொடுத்து, முக்கால் மணியில் வந்து நின்றது. குழுவில் போட்ட பிரதியில் அதற்குத் 'தோட்டம், விரிவாக' என்று பெயர்.

இடம் பதிவு செய்யப் பால்கனியில் நின்றுகொண்டு ரகசியக் குரலில் ஆங்கிலத்தில் பேசினார். நான் காய்ந்த துணி எடுக்கும் சாக்கில் பக்கத்தில் நின்றேன். "டூர் இருக்கும் சார், ஆனால் அன்றைக்கு..." என்று அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் துளசிக்குத் தண்ணீர் விட வந்தார். "ஓகே, ஓகே, கன்ஃபர்ம்" என்று இவர் போனை வைத்துவிட்டார். கூட்டத்தோடு போய் எப்படி ருசி பார்ப்பது என்பதற்கும் அவரிடம் திட்டம் இருந்தது. மற்றவர்கள் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இருவரும் மெதுவாகப் பின்தங்கி நழுவிவிட வேண்டும். கல்லூரியில்கூட நான் அப்படியெல்லாம் செய்ததில்லை. கொஞ்சம் படபடப்பாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அண்ணாச்சி என் கணவரைக் கார் நிறுத்துமிடத்தில் மடக்கினார்.

"சார், நெட்டுல போட்டுப் பாத்துட்டேன். அது என்ன தோட்டம்னு எனக்குத் தெரியும்" என்று காதோடு சொல்லியிருக்கிறார். "நானும் வாரேன். வீட்டுல மட்டும் சொல்லிராதீக."

"புரட்டாசி மாசமாச்சே அண்ணாச்சி?"

"சனிக்கிழமதான் சார் பெருமாளுக்கு. வெள்ளிக்கிழம நம்மளுது. அதுவும் என்ன, பழந்தான?"

ஆக, நழுவும் திட்டத்திலும் மூன்றாவதாக ஓர் ஆள் சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது கிளம்பினோம். டிரைவர் கோடம்பாக்கத்துக்காரர். சினிமாப் படப்பிடிப்புகளுக்கு இருபது வருடம் வண்டி ஓட்டியவர். வேலூர் தாண்டி இட்லி, பொங்கல். கோலார் தாண்டி மோர். நந்தி கிராமத்துக் கோயிலில் மாமியார் ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தார். தோட்டத்துக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

வாசலில் தொப்பி போட்ட ஓர் இளம்பெண் ஆங்கிலத்தில் எங்களை வரவேற்றுக் கொடிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள். கொடிகள் என்று அவள்தான் சொன்னாள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது கம்பி வேலியும், அதில் சாய்ந்து நிற்கும் மொட்டைக் குச்சிகளும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை குச்சிகள்.

"திராட்சை எங்கடா?" என்று மாமியார் மகனைக் கேட்டார்.

இப்போதுதான் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்திருக்கிறோம், இனிமேல் துளிர்த்துப் பூத்துப் பழுக்கப் பொங்கல் கழிய வேண்டும் என்று அந்தப் பெண் விளக்கினாள். கீழ்வீட்டு அம்மாளுக்காக நான் தமிழில் சொன்னேன். மாமியார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். தப்பாகப் படம் வரைந்த மாணவனைப் பார்க்கும் பார்வை அது. "வருஷம் பூரா காய்க்கும்னியே" என்று மட்டும் சொன்னார். பிறகு மகனை விட்டுவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தபடி, இந்த நிலத்தில் தண்ணீர் எப்படி வடிகிறது என்று அந்தப் பெண்ணைக் கேட்க ஆரம்பித்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் மண்ணைப் பற்றிக் கேட்ட முதல் விருந்தாளி இவர்தானாம்.

கணவர் என் முழங்கையைத் தொட்டார். நழுவினோம். பத்தடி பின்னால், செருப்பில் கல் புகுந்துவிட்டது போலக் குனிந்து நிமிர்ந்து அண்ணாச்சியும் வந்தார்.

ருசி பார்க்கும் கூடம் குளுகுளுவென்று இருந்தது. அலமாரிகளுக்கு வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞன் கைகூப்பினான்.

"சாரி சார். டுடே டிரை டே. காந்தி ஜெயந்தி."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்னைச் சொல்ல வேண்டும். முந்தின நாள்தான் எங்கள் பள்ளியில் நடந்த காந்தி ஜெயந்திப் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். மதுவிலக்கைப் பற்றிக் கண்ணீர் வரப் பேசிய பையனுக்கு முதல் பரிசு கொடுத்ததே நான்தான்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் திறப்போம்" என்று அந்த இளைஞன் உற்சாகமாகச் சொன்னான்.

"நாளைக்கு சனிக்கிழமல்லா" என்றார் அண்ணாச்சி, நாற்காலியில் உட்கார்ந்தபடி. அவர் பேன்ட் பையிலிருந்து ஒரு மிளகு முந்திரிப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

நான் கணவரைப் பார்த்தேன். "நீங்க வேணா நாளைக்கு..."

"அம்மா மாவிளக்கு ஏத்தறதுக்கு மாவு கொண்டு வந்திருக்கா. அவ ரூம்ல பெருமாளுக்கு விளக்கு ஏத்திண்டிருக்கறப்போ நான் இங்க வந்து குடிக்கறதா?" என்றார்.

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் டிரைவர் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"இன்னா சார், காந்தி பொறந்த நாளு அதுவுமா எவன் சார் ஊத்துவான்? நீங்க திராட்சத் தோட்டம்னு சொன்னீங்க, சரி, பெரியவங்க பழம் துன்ன ஆசப்படறாங்க போலன்னு நெனச்சிக்கினு வந்தேன். சரக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மெட்ராஸ்லயே சொல்லியிருப்பேனே! நேத்தே வாங்கி வண்டில வச்சிக்கினு வந்திருக்கலாம்."

ஒரு வார்த்தையை மறைக்க ஒரு மாதம் பாடுபட்டதில், அந்த விஷயம் தெரிந்த ஒரே மனிதரிடமும் அதை மறைத்துவிட்டோம்.

நாங்கள் திரும்ப உள்ளே போவதற்குள் மற்றவர்களும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அங்கே கிடைத்தது திராட்சைச் சாறுதான். தண்டு நீண்ட பெரிய கண்ணாடிக் கோப்பைகளில் அடியில் ஒரு விரல் அளவு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஏண்டா, இவ்ளோ பெரிய பாத்திரத்துல இத்தனூண்டுதானா?" என்றார் மாமியார்.

என் கணவர் கோப்பையைத் தண்டில் பிடித்துத் தூக்கினார். நிதானமாகச் சுழற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். அந்த இளைஞன் முதற்கொண்டு எல்லோரும் காத்திருந்தோம்.

"என்ன சார் வாசன வருது?" என்றார் அண்ணாச்சி, பொறுக்க முடியாமல்.

"திராட்சை" என்றார் கணவர்.

அப்புறம் கீழ்வீட்டு அம்மாள் எல்லோரையும் கோப்பையோடு நிறுத்திப் புகைப்படம் எடுத்தார். மாமியார் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, தன் கைப்பையிலிருந்த டைரியில் கொடியின் வெட்டு எந்தக் கணுவில் விழ வேண்டும் என்று குறிப்பெடுக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி மிளகு முந்திரியை மேசை மேல் வெளிப்படையாகவே பிரித்துவிட்டார். இனி அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. "எனக்குன்னா வாங்கியாந்தீக?" என்று அவர் மனைவி நெகிழ்ந்துபோனார்.

"பசிக்கறது" என்றார் கணவர் என்னிடம்.

வண்டியிலிருந்து தயிர் சாத டப்பாவையும் மாவடுவையும் எடுத்துக்கொண்டு, குச்சிகளுக்கு நடுவே ஒரு வரப்பில் போய் உட்கார்ந்தோம். வெயில் மங்கியிருந்தது. தூரத்தில் நந்தி மலை. பக்கத்தில் பார்த்தபோது அந்த மொட்டைக் குச்சிகளில் வெட்டிய இடத்துக்குக் கீழே பச்சையாகச் சின்னச் சின்ன மொட்டுகள் கிளம்பியிருந்தன. அவர் ஒன்றை விரலால் தொட்டார்.

"கோவமா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"உன்னை மட்டும் கூட்டிண்டு வரேன்னேன்."

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அவருக்கும் வந்தது. அவருடைய மேலாளர், அந்த இளைஞன் கைகூப்பிய விதம், அண்ணாச்சி உட்கார்ந்த விதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரே ஸ்பூன்தான் இருந்தது. மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். மாவடு தீரும்வரை எங்களைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. இருபது நிமிடம் இருக்கும்.