நின்ற மெஷின்

நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்து வேனை ஓட்டுவது என் தம்பி. அவனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. மிச்சமிருக்கும் மூன்றை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவுக்குள் அவன் வேனைத் திருப்புவதைப் பார்த்தால் பத்து விரல்காரர்கள் வெட்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்கு அவன் டிரைவர் மாமா.

விரல் போன கதை வன்னியம்பட்டி முழுக்கத் தெரியும். இருபத்தொரு வயதில் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சேர்ந்தான். மூன்றாம் வாரமே பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் கையைக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்த சூப்பர்வைசர், ஓடுகிற மெஷினின் மூடியைப் பையன் திறந்துவிட்டான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டுப் போனார். தம்பியோ, சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் திறந்தேன் என்றான்.

அப்பா அப்போது ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். “நின்ன மெஷின் எப்படிலே விரல வெட்டும்?” என்று கேட்டார்.

அவன் திரும்பவும் அதையே சொன்னான். எனக்கும் அந்தக் கேள்வி ரொம்ப நியாயமாகத்தான் தெரிந்தது. விரல் போனதைவிட, பிள்ளை பொய் சொல்கிறானே என்பதுதான் அப்பாவுக்குப் பெரிய துக்கம். தினமும் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அந்தக் கேள்வியையே கேட்டார். “ஒத்துக்கிட்டுத் தொலையேம்லே” என்று நானும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கட்டுப் போட்ட கையோடு அவன் முழங்காலிட்டு, “ஓடும்போதுதான் திறந்தேன். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க” என்றான். அப்பா அழுதார். அம்மா அவனுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். அதன்பிறகு அவன் மில் பக்கம் போகவில்லை. டிரைவிங் பழகிக்கொண்டான்.

போன வருஷம், ராஜபாளையத்தில் ஒரு பழைய மில் கொட்டகையைச் சீர்செய்து மெஷின் மியூசியம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒன்பதாம் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். அறிவியல் நடத்துவது நான் என்பதால் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. காலையில் வேன் வந்து நின்றபோது முன் சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது. “நானும் வாரேன்” என்றார். இறங்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தொடாதே என்ற போர்டையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள். வாசலில் ‘தொட்டுப் பாருங்கள்’ என்று இருந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த மரியாதை ஐந்து நிமிஷம் நீடித்தது. பிறகு கையால் சுற்றும் லேத்துக்கு அடிதடி. கப்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட நாற்காலி ஒன்று இருந்தது. உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் நம்மை நாமே தூக்கிக்கொள்ளலாம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, வரிசையில் நின்று, இரண்டடி உயரம் போய்விட்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது.

கடைசி அறையில் கார்டிங் மெஷின். மற்றச் சுற்றுலாக்களில் வேனிலேயே தூங்கிவிடும் தம்பி, அன்றைக்கு உள்ளே வந்து வாசற்படி ஓரமாக நின்றான். பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண் மெஷினை ஓட்டிக் காட்டினாள். காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குச் சத்தம். பிறகு சுவிட்சை அணைத்தாள். சத்தம் அடங்கியது.

“ஆஃப் பண்ணியாச்சு. இப்ப மூடியைத் திறந்து கையை வைக்கலாமா?”

“வைக்கலாம்!” என்று நாற்பது பிள்ளைகளும் கத்தினார்கள்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். “தாத்தா, நீங்க சொல்லுங்க.”

“தாராளமா வைக்கலாம்மா” என்றார் அப்பா, தலைமையாசிரியர் குரலில். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

“வைக்காதீய” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “உள்ள சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.”

டிரைவர் அண்ணன் சொன்னதுதான் சரி என்று அந்தப் பெண் ஒரு விளக்கைப் போட்டாள். மூடியில் சின்னக் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே, உடம்பெல்லாம் கம்பிப் பல்லாக, பீப்பாய் மாதிரி ஒரு பெரிய உருளை சுற்றிக்கொண்டிருந்தது. இடுக்கியால் ஒரு துணித்துண்டை உள்ளே நீட்டினாள். நார்நாராக வந்தது. நிற்க எவ்வளவு நேரம் ஆகும், எண்ணுங்கள் என்றாள். பிள்ளைகள் நூற்றைம்பதிலேயே சலித்துப்போய்த் திரும்பவும் லேத்துக்கு ஓடிவிட்டார்கள். அப்பா மட்டும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

இருபத்தெட்டு வருஷமாக நான் ஒன்பதாம் வகுப்புக்கு நிலைமம் நடத்துகிறேன். ஃபேனை அணைத்துவிட்டு, உடனே நிற்கிறதா பாருங்கள் என்று பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி அது. அந்த ஃபேனையும் என் தம்பியின் கையையும் ஒரு நாளாவது சேர்த்து நினைத்ததில்லை. எனக்கே என்மேல் கோபமாக வந்தது.

வேன் அருகில் அவனைப் பிடித்தேன். “தெரிஞ்சிக்கிட்டு ஏம்லே சொல்லல?”

“அப்பம் எனக்கே தெரியாதுக்கா. சத்தம் நின்னதும் மெஷினும் நின்னுட்டுன்னு நெனச்சேன். பொறவு, கூட வேல பாத்தவங்க கடைத்தெருவுல பாத்தப்பதான் சொன்னாங்க.”

“பொறவாவது வீட்ல சொல்லியிருக்கலாம்லா?”

“அதான் ஒத்துக்கிட்டாச்சே. அம்புட்டுப் பேரும் நிம்மதியா இருந்தீய” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை எண்ணி ஏற்றப் போனான்.

அன்று சாயங்காலம் நான் என் வீட்டுக்குப் போகாமல் அவர்களோடு வன்னியம்பட்டிக்குப் போனேன். ஏழு மணிக்கு ஜெபம். முட்டி வலி வந்ததிலிருந்து அப்பா நாற்காலியில் இருந்தபடிதான் ஜெபம் செய்வார். அன்று நாற்காலியின் கையைப் பிடித்து, மெதுவாக இறங்கி, சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார்.

“ஆண்டவரே, எம்புள்ள உண்மையத்தான் சொன்னான். நான்தான் அவனப் பொய் சொல்ல வச்சேன்.”

தம்பி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து அவர் பக்கம் போனான். “எந்திரிங்கப்பா. முட்டி வீங்குனா நீங்கதான் கஷ்டப்படுவீய” என்று, அந்த வலது கையை அவர் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தான்.

பிறகு என்னைப் பார்த்தான். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.