இருபது நிமிடம் முந்திய சங்கு

குற்றச்சாட்டு இது: 2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, பந்தலூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேலாளர் கருணாகரன், மின்பணியாளர் சரிதாவுக்கு ஒரு மெமோ கொடுத்தார். "தாங்கள் எழுதிய நிரல் பிழையானது. வரும் திங்கள் முதல் தாங்கள் கொழுந்து பறிக்கும் வேலைக்கு மாற்றப்படுகிறீர்கள்." எந்த வரியில் பிழை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பெற்றுக்கொண்ட நேரத்தைக் குறித்து, நகலெடுத்து, சரிதா அதைத் தன் நீலக் கோப்பில் நாற்பத்து மூன்றாம் தாளாக வைத்தாள்.

கொழுந்து பறிப்பதை அவள் இழிவாக எண்ணியவள் அல்லள். அவள் தாய் வாழ்நாளெல்லாம் அந்த மலையில்தான் பறித்தாள். செய்யாத பிழைக்குத் தண்டனையாகக் கூடையைத் தூக்குவதுதான் நெஞ்சை அறுத்தது.

ஐ.டி.ஐ. முடித்து வந்தவள், சி மொழியைத் தானே கற்றாள். இலை வாட்டும் தொட்டிகளின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து, இணையத்தில் ஒரு கிளவுட் சேவைக்கு அனுப்பும் கருவியைத் தானே செய்தாள். கிளவுட் யார் அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளாது. முகவரி, நேரம், அனுப்பும் செய்தி எல்லாவற்றையும் விதித்த வரிசையில் கோத்து, இரகசியச் சாவியால் கணக்கிட்டு, ஒவ்வொரு கோரிக்கையிலும் கையொப்பம் இட வேண்டும். ஓர் இடைவெளி கூடினாலும் செல்லாது. அந்தக் கையொப்பத்தை இடும் சி நிரல் தொகுப்பை எட்டு மாதம் வரி வரியாகச் செதுக்கினாள்.

வீட்டில் சோதித்தபோது ஒவ்வொன்றும் ஏற்கப்பட்டது. தொழிற்சாலையில் மாட்டியதும் ஒன்றுகூட ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் 403, அனுமதி மறுப்பு.

தன் கம்பெனிக் கருவியை விற்கக் கூடலூரிலிருந்து வந்த ஷிஜோ சிரித்தான். "சேச்சி, இதெல்லாம் ஆராவது கையால எழுதுவாங்களா? நீங்க பல்பு மாட்டுங்க, அது மதி, அது போதும்."

கருணாகரனும் சேர்ந்துகொண்டார். "ஏனுங்க ஷிஜோ, அந்தப் பொண்ணோட ஃபைலைப் பாத்தீங்களா? கோர்ட்டுல கூட அத்தனை பேப்பரு இருக்காதுங்க."

அடுத்த நாளே மெமோ வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, மழை சாரலாய் இறங்க, சரிதா தொழிற்சாலை வாசலில் கோப்பை விரித்து நின்றாள். சேவையின் கையேடு தந்திருந்த ஒன்பது மாதிரிகளோடும் அவள் கையொப்பங்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. அப்படியானால் தள்ளுவானேன்?

சங்கு ஊதியது. கூடையோடு போன கருப்பம்மா திரும்பிப் பார்த்தாள். "என்ன புள்ள, ஏழு மணிச் சங்கு ஊதிருச்சு, இன்னமும் கடுதாசியோட குடும்பம் நடத்துற? பெரட்டுக்குப் பேரு கூப்பிடப் போறாங்க!"

சரிதா செல்பேசியைப் பார்த்தாள். ஆறு நாற்பது.

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு யாரும் பிந்தக்கூடாதென்று, எந்தக் காலத்திலோ ஒரு துரை சங்கை இருபது நிமிடம் முந்த வைத்தார். இன்று அந்தச் சங்கை ஊதுவது அலுவலகக் கணினி; அதன் கடிகாரமும் அப்படியே முந்தி ஓடுகிறது. அவள் கருவி நேரம் கேட்பதோ அந்தக் கணினியிடம்! வீட்டில் அது செல்பேசியிடம் கேட்டது.

மறுப்புகளை அச்சிட்டு வைத்திருந்த தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொரு மறுப்பின் தலைப்பிலும் சேவை தன் நேரத்தைப் பதித்திருந்தது. முதல் தாளில் அதற்கும் கருவி இட்ட நேரத்துக்கும் இருபது நிமிட வித்தியாசம். இரண்டாவதிலும் இருபது. பத்தாவதிலும் இருபது! பதினைந்து நிமிடத்துக்குமேல் விலகிய கோரிக்கையைச் சேவை நம்பாது. கையொப்பம் சரி, அதற்குள் எழுதிய நேரந்தான் பொய். இந்தச் சங்குக்கே ஓடி வளர்ந்தவளுக்கு அது கண்ணில் படவே இல்லை!

அலுவலகத்துக்குள் பாய்ந்தாள். நேரத்தைச் செல்பேசியிடம் கேட்கும்படி ஒரே ஒரு வரியை மாற்றி, கருணாகரன் கண்ணெதிரே அனுப்பினாள். திரையில் 200. ஏற்கப்பட்டது. மறுபடியும் 200!

சன்னலில் கருப்பம்மாவின் தலை. "பாஸா புள்ள?"

"பாஸு அத்தே! அத்தனையும் பாஸு!"

கருணாகரன் தாடையைத் தடவினார். "ஏம்மா, சங்கையா குத்தஞ் சொல்ற? அதை மாத்துனா ஒருத்தரும் நேரத்துக்கு வரமாட்டாங்க."

"சங்கு அப்படியே ஊதட்டும் சார். கருவிக்கு மட்டும் நெச நேரம் போதும்."

"சரி சரி. மெமோவைக் கிழிச்சுப் போட்டுரு. முடிஞ்சுது."

"கிழிக்க மாட்டேன் சார். அது நாப்பத்தி மூணாவது பேப்பர்."

எட்டு மணிக்குள் நாற்பத்து நான்காம் தாள் அவர் மேசையில் இருந்தது. மறுப்புகள் நானூற்றுப் பதினொன்றின் நேரப் பட்டியலும் அதனோடு தைக்கப்பட்டிருந்தது. அதன் முடிவு இது: "என் நிரலில் பிழையில்லை என்பதை ஏற்று, 11.06.2024 தேதியிட்ட மெமோவையும் இடமாற்றத்தையும் திரும்பப் பெற்றதாகத் திங்கள் காலை ஏழு மணிக்குள் எனக்கு அறிவிக்கக் கோருகிறேன். சங்கு ஊதிய பிறகும் தங்களுக்கு இருபது நிமிடம் இருக்கும். வாய்மொழி ஏற்கப்படாது. எழுத்துமூலம், கையொப்பத்துடன் பதில் வேண்டும்."