ஞானம் டீச்சரின் பொதுப் பத்தி

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அங்கே இருபத்தாறு வருடமாக ஆங்கிலம் எடுப்பவர் ஞானம் டீச்சர். அவரிடம் படித்தவர்களில் ஆங்கிலம் பேசக்கூடியவர் யாராவது உண்டா என்று கேட்டால் ஊரில் கொஞ்சம் யோசிப்பார்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தோற்றவர் உண்டா என்று கேளுங்கள், யோசிக்காமல் பதில் வரும். பதினோரு வருடமாக ஒருத்தர்கூடக் கிடையாது. அந்த வட்டாரத்தில் வேறு எந்த டீச்சருக்கும் அப்படி ஒரு பேர் இல்லை, சும்மா சொல்லக்கூடாது.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. வேலைக்கு வந்த புதிதில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை அவருக்கு இருந்தது. கணவர் பேர் கல்யாணம். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர் என்பதால் சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகை அத்தனையும் வீட்டுக்கு வந்துவிடும். அட்டை நல்ல கெட்டி. டீச்சர் அவற்றைச் சதுரமாக வெட்டி, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வினைச்சொற்களை எழுதி வகுப்புக்கு எடுத்துப் போவார். பிள்ளைகளுக்கு முன்பக்கத்தில்தான் அக்கறை. "டீச்சர், இது எங்க சித்தப்பா கல்யாணம்!" என்று ஒருத்தன் கத்துவான். அந்தக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பாயசம் இல்லாமல் போனது ஏன் என்று மீதி நேரம் பூராவும் விவாதம் நடக்கும். டீச்சர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

அவர் செய்ததிலேயே உருப்படியானது ஒரு நீள சார்ட். பாடத்தில் வரும் கதையைக் காவேரியாக வரைந்திருந்தார். கதை தொடங்கும் இடத்தில் ஒரு மதகு, கிளைக்கதை பிரியும் இடங்களில் வாய்க்கால்கள், முடிவு வரும் இடத்தில் கடைமடை. விவசாய வீட்டுப் பிள்ளைகள் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாடத்தை நடத்தி முடித்ததும், "கடைமடைக்குத் தண்ணியே வரலியே டீச்சர்" என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். உண்மைதான், அந்தக் கதை பாதியில்தான் நின்றிருந்தது. அன்றைக்கு டீச்சருக்கு மதியச் சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

தலைமையாசிரியர் இராஜாங்கம் நல்ல மனுஷர். நல்லவர் என்பதால்தான் அந்த சார்ட் கிழிந்துவிடக் கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் வெளியே எடுத்து மாட்டுவார்கள், பூச்சிக்குப் போட்ட ரசக்கற்பூர உருண்டை வாசனை வகுப்பு முழுக்க வீசும். அதிகாரி பாராட்டிவிட்டுப் போனதும் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். அந்தப் பள்ளியில் கற்பித்தல் உபகரணங்களைப் பார்க்கப் பிள்ளைகளுக்கும் அதிகாரிகளுக்கும் வருடத்தில் அதே ஒரு நாள்தான்.

ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் எழுதி, ஆங்கிலத்தில் பதினைந்து பேர் தோற்றுப்போனார்கள். மீளாய்வுக் கூட்டத்தில் இராஜாங்கத்தை ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். திரும்பி வந்தவர் நேரே ஆங்கில வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், ஆறு, மதகு, வாய்க்கால் எல்லாம் ரொம்ப அழகா இருக்குங்க. எனக்கு இப்ப ஆளுக்கு முப்பத்தஞ்சு மார்க் வேணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானம் டீச்சர் பாடப்புத்தகத்தை முன்னால் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் ஆறே வாக்கியத்தில் ஒரு பத்தி பிறந்தது. 'இன் தி லெசன்' என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, 'தி ஆத்தர் டெல்ஸ் அஸ் மெனி யூஸ்ஃபுல் திங்ஸ்' என்று போகும். அதற்குப் பிறகு, அதில் வருபவர்கள் நல்லவர்கள், அவர்களுக்குப் பல கஷ்டங்கள் வந்தன, அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை, கடைசியில் உண்மை ஜெயித்தது, இந்தப் பாடத்தை நாம் வாழ்வில் கடைப்பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். கோட்டில் பாடத்தின் பேரை எழுதிவிட்டால் போதும். பறவையைப் பற்றிய பாடத்துக்கும் பொருந்தியது, விண்வெளிப் பாடத்துக்கும் பொருந்தியது. கவிதை என்றால் 'லெசன்' என்பதை 'போயம்' என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கல்யாணம் காப்பி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன இது, எங்க சங்கத்து ஆண்டறிக்கைக்கும் சரியா வரும் போலிருக்கே?"

"எடுத்துக்கோங்கோ," என்றார் டீச்சர்.

இதோடு கடிதம், விளம்பரம், மனப்பாடச் செய்யுள் எல்லாம் சேர்ந்து பதினேழு பக்கத்தில் ஒரு கையேடு ஆயிற்று. முதல் பக்கத்தில் டீச்சரின் பேரும், 'கோடிட்ட இடத்தில் பாடத்தின் பெயரை எழுதவும்' என்று தமிழில் ஒரு குறிப்பும் இருந்தன. வகுப்பில் தினமும் காலையில் சேர்ந்து சொல்வார்கள். "இன் தி லெசன் டேஷ், தி ஆத்தர் டெல்ஸ் அஸ்" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலாகக் கிளம்பும்போது வாசல் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறக்கும். "டேஷ்ல என்னடா எழுதணும்?" என்று டீச்சர் கேட்பார். "பாடத்துப் பேரு!" என்று பதில் வரும். அந்த வருடம் எல்லோரும் தேறினார்கள். இராஜாங்கம் அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

கையேட்டை நகல் எடுத்தது கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மீரா உசேன். இரண்டாம் வருடமே அவர் முதல் பக்கத்தைத் தூக்கிவிட்டார்.

"பதினேழு பக்கம் இடிக்குதுங்க டீச்சர். அத விட்டுட்டா பதினாறு, அழகா மடங்குது. அதுல உங்க பேரும் ஒரு குறிப்பும் மட்டுந்தானே இருக்கு?"

"என் பேர் போனாப் போறது பாய். அந்தக் குறிப்பு வேணுமே."

"கோட்டுல பேரெழுதணும்னு சொல்லியா தரணும்? எல்கேஜி புள்ளைக்கே தெரியும்ங்க."

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். வாஸ்தவம்தான் என்று பட்டது. அதோடு விட்டுவிட்டார்.

கையேடு பேர் இல்லாமலேயே ஊர் ஊராகப் போயிற்று. கும்பகோணத்துக்குப் போனது, மயிலாடுதுறைக்குப் போனது, அப்புறம் வாட்ஸாப்பில் ஏறி எங்கெங்கோ போனது. ஒரு பயிற்சிக் கூட்டத்தில், எவரோ தயாரித்த அருமையான கையேடு என்று சொல்லி டீச்சர் கையிலேயே ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். உள்ளுக்குள் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கு அவர் முழங்கால் வலியைக் காட்டியே ஏழு வருடம் போகாமல் தப்பித்திருந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது, இந்தத் தடவை வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. சித்திரை வெயிலில், உளுந்து பிடுங்கிய வயல்களைப் பார்த்துக்கொண்டே பந்தநல்லூர் வழியாக பஸ்ஸில் போய் இறங்கினார். முகாம் மயிலாடுதுறையில் ஒரு தனியார் பள்ளியில். மின்விசிறி சத்தம் போட்டது, காற்று வரவில்லை. விடைத்தாள்கள் வேறு ஏதோ மாவட்டத்தவை. எந்த மாவட்டம் என்று யாருக்கும் தெரியாது, எழுதியவர் பேரும் இருக்காது.

முதல் தாளில் பத்திக் கேள்விக்கு வந்தபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய பத்தியேதான். ஆறு வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகில்லை. ஆனால் 'இன் தி லெசன்' என்பதற்கு அப்புறம் அந்தப் பிள்ளை ஒரு கோடு போட்டிருந்தது. பாடத்தின் பேர் இல்லை. அவசரத்தில் மறந்திருக்கும், பாவம் என்று நினைத்தார்.

அடுத்த தாளிலும் கோடு. அதற்கடுத்ததில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அளந்து போட்ட கோடு. அதற்கும் அடுத்ததில் ஒரு பிள்ளை, காதால் கேட்டதை விட்டுவிடக் கூடாது என்று, கோட்டுக்குப் பதில் 'டேஷ்' என்றே ஆங்கிலத்தில் நாலெழுத்தில் எழுதியிருந்தது. கையேட்டில் என்ன இருந்ததோ அதை ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். குறை சொல்ல இடமில்லை.

கட்டைத் தூக்கிக்கொண்டு முதன்மைத் தேர்வாளர் வெங்கடகிருஷ்ணனின் மேசைக்குப் போனார். அவர் தஞ்சாவூர் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். அந்த அறையில் மதிப்பெண் விஷயத்தில் அவர் சொல்வதுதான் முடிவு.

"சார், பத்தி முழுக்க சரியா எழுதியிருக்கு. பாடத்துப் பேரு மட்டும் இல்ல. என்ன போடறது?"

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அடடே, பொதுப் பத்தி! எங்க ஸ்கூல்லயும் இதான் டீச்சர். யாரோ ஒரு புண்ணியவான் எழுதினது. பேரு எழுதியிருந்தா மூணு போடுங்க. கோடு மட்டும் இருந்தா எந்தப் பாடத்துக்குன்னு மார்க் போடறது? ஜீரோதான்."

"மத்த அஞ்சு வாக்கியமும் ஒண்ணுதானே சார்?"

"ஆமாங்க. அதனாலதான் பேரு முக்கியம்."

அந்தப் புண்ணியவான் நான்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. டீச்சர் அதை விழுங்கிவிட்டு இடத்துக்கு வந்தார். தானே எழுதிய பத்திக்குத் தானே சிவப்பு மையில் முட்டை போட ஆரம்பித்தார். உரைநடைக்கு ஒரு முட்டை, செய்யுளுக்கு ஒரு முட்டை. மத்தியானத்துக்குள் கை மரத்துப்போயிற்று.

சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த மூன்றாவது தாளில் மொத்தம் முப்பத்து மூன்று வந்தது. இரண்டு மதிப்பெண் குறைவு. டீச்சர் மறுபடி கூட்டினார். முப்பத்து மூன்றேதான். பையனா பெண்ணா என்று தெரியவில்லை. பெண்ணாக இருந்தால் பள்ளிக்கூடம் இதோடு சரி. பத்தில் தோற்ற பெண்ணை ஆனி மாதத்துக்குள் பனியன் கம்பெனி வேனில் ஏற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவர் ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறார். அந்த இரண்டு கோட்டிலும் பேர் இருந்திருந்தால் ஆறு மதிப்பெண் கூட வந்திருக்கும். பேரெழுதச் சொன்ன பக்கத்தை எடுக்கச் சம்மதித்தது யார்? ஐயோ, நான்தானே என்று மனசு அடித்துக்கொண்டது.

தாளை முதலிலிருந்து புரட்டினார். சும்மா இரண்டு மதிப்பெண் போட்டுவிட அவருக்குக் கை வராது. எங்கேயாவது நியாயமாக விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தார். கடிதம் கையேட்டுக் கடிதம். விளம்பரம் கையேட்டு விளம்பரம். செய்யுள் மனப்பாடம். படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்வி வந்தது. மழையில் மரத்தடியில் நிற்கும் ஒரு மாட்டின் படம். இதற்குக் கையேட்டில் ஒன்றும் கிடையாது, எந்தப் படம் வரும் என்று யாருக்குத் தெரியும்? மேலோட்டமாகப் பார்த்துப் பிழைகளைச் சுழித்துவிட்டு, ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தார். இப்போது நிறுத்திப் படித்தார்.

'கவ் இஸ் ஸ்டாண்ட். ரெயின் இஸ் கம். மை ஹவுஸ் ஆல்ஸோ கவ். ரெயின் கம், மை மதர் கிவ் கவ் ஹெர் சாக்கு. மை மதர் வெட்.'

டீச்சர் இரண்டு தடவை படித்தார். கோணிச் சாக்குக்கு ஆங்கிலம் தெரியவில்லை, அதற்காக அந்தப் பிள்ளை நின்றுவிடவில்லை. இருந்த ஒரு சாக்கை மாட்டுக்குப் போர்த்திவிட்டு அந்த அம்மா நனைந்துகொண்டு நிற்பது டீச்சருக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிடப்போகிறாரே என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒன்றை அடித்துவிட்டு நான்கு போட்டார். மொத்தம் முப்பத்தாறு.

அடித்து எழுதிய மதிப்பெண்ணுக்கு முதன்மைத் தேர்வாளர் கையெழுத்து வேண்டும். வெங்கடகிருஷ்ணன் தாளை வாங்கி, மொத்தத்தைப் பார்த்தார், படக் கேள்வியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். இருபது வருடம் முகாம் பார்த்தவர், அவருக்குத் தெரியாத தந்திரம் இல்லை.

"என்ன டீச்சர் இது? 'கவ் இஸ் ஸ்டாண்ட்'டுக்கு நாலா? ஒரு வரிகூட சரியில்லையே."

"என்ன சொல்ல வருதுன்னு புரியுதுல்ல சார்? அஞ்சும் படத்தைப் பத்தித்தான் இருக்கு. படிச்சுப் பாருங்க."

அவர் படித்தார். 'சாக்கு' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாஸ் பண்ண வைக்கணும்னா மூணே போதுமே டீச்சர். முப்பத்தஞ்சு வந்துடும், யாரும் கேக்க மாட்டாங்க. எதுக்கு நாலு?"

"பாஸ் பண்ண வைக்கறதுக்கு இல்ல சார்," என்றார் ஞானம் டீச்சர். "இந்த அஞ்சு வரிதான் அந்தப் புள்ள எழுதினது. மத்த பேப்பர் பூராவும் நான் எழுதினது."

வெங்கடகிருஷ்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நான்குக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.